காடு குறைந்த ஊரில் வனக் குளியல்

திருவேற்காடு வேதபுரீஸ்வரர் கோயிலின் தல மரம் வெள்வேல். நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று இறைவனை வழிபட்டன என்கிறது தலபுராணம். புராணப் பெருமை ஒருபுறம் இருக்க, வெயிலுக்கு அதனடியில் ஒதுங்குகிறவருக்கு முழு நிழல் கிடைக்காது. வெளிறிய பட்டை, கணுவுக்குக் கணு முள், பொடிப்பொடியான இலைகள். வெளிச்சம் சல்லடையில் சலித்ததுபோல் கீழே விழும். நெற்றை ஆடுகள் விரும்பித் தின்னும். பட்டையைச் சாராயம் காய்ச்சப் பயன்படுத்திய காலமும் உண்டு. கூவம் கரையோரத்து இந்தச் சமவெளியில் ஒரு காலத்தில் மண்டியிருந்தவை இத்தகைய வறட்சி தாங்கும் மரங்களும் முட்புதர்களும்தான். வானை மறைக்கும் நெடுமரக் காட்டை இங்கே கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. 'வனக் குளியல்' என்ற பெயரில் வழிகாட்டியோடு மெல்ல நடந்து, முடிவில் தேநீர் அருந்தி, அந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பும் நடை இன்று உலகின் பல நகரங்களில் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. அதன் பலனுக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளில் நடந்தவை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வசிக்கும் ஒருவருக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும்? ஜப்பானுக்கு விமானம் ஏறாமல், குற்றாலம் வரைகூடப் போகாமல், ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தில் அதே பலனைப் பெற முடியுமா?

முதலில் இதன் பிறப்பு. 1982ஆம் ஆண்டு ஜப்பானிய வனத்துறையின் தலைவராக இருந்த தொமொஹிதே அகியாமா, 'ஷின்ரின்-யோகு' என்ற பெயரில் இதை முன்வைத்தார். நாகானோ மாநிலத்தின் அகசாவா காட்டில் அது தொடங்கிவைக்கப்பட்டது. முந்நூறு ஆண்டு கடந்த ஹினோகி மரங்கள் நிற்கும் காடு அது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே கோயிலுக்கு மரம் தந்த காடும் அதுதான். ஆகவே இதைப் பழம்பெரும் கிழக்கத்திய ஞானம் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். நகரத்து மக்களைக் காட்டுக்கு வரவழைக்க ஓர் அரசுத் துறை நாற்பது ஆண்டுகளுக்கு முன் தீட்டிய திட்டம் இது. அறிவியல் சான்றுகள் பின்னால்தான் வந்து சேர்ந்தன. அதனால் திட்டம் மோசமானது என்று ஆகிவிடாது. சான்றுகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நடை எப்படி இருக்கும்? இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் தாண்டமாட்டார்கள். வழிகாட்டி மரங்களின் பெயர்களை ஒப்பிப்பதில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் நிற்கச் சொல்வார். கண்ணை மூடி எத்தனை ஒலிகள் கேட்கின்றன என்று கவனிக்கச் சொல்வார், ஒரு பட்டையைத் தடவிப் பார்க்கச் சொல்வார், பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் சும்மா உட்காரச் சொல்வார். கைப்பேசி பைக்குள். கடைசியில் எல்லோரும் வட்டமாக அமர்ந்து தேநீர். 2012இல் அமெரிக்காவில் ஆமோஸ் கிளிஃபர்ட் தொடங்கிய அமைப்பு இந்த வடிவத்தை உலகெங்கும் பரப்பியது. வழியில் வளர்ந்த தழையிலேயே தேநீர் போடுவது அவர்கள் பாணி.

சான்றுகளில் மிகவும் பேசப்படுவது 2010இல் வெளியான ஜப்பானிய ஆய்வு. 24 காடுகள், ஒவ்வொன்றுக்கும் 12 கல்லூரி இளைஞர்கள். முதல் நாள் ஆறு பேர் காட்டுக்கும் ஆறு பேர் நகரத்துக்கும் போனார்கள். மறுநாள் இடம் மாற்றிக்கொண்டார்கள். மொத்தம் 280 பேரின் கணக்கு. இரண்டு இடத்திலும் செய்யச் சொன்னது ஒன்றே: சுமார் கால் மணி நேரம் நடப்பது, கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது. நகரத்தைவிடக் காட்டில் கார்ட்டிசால் அளவு ஏறக்குறைய 12 விழுக்காடும் நாடித் துடிப்பு சுமார் 6 விழுக்காடும் குறைவாக இருந்தன. இரத்த அழுத்தமும் குறைந்தது, ஆனால் ஒன்றரை விழுக்காடுகூட இல்லை.

கார்ட்டிசால் என்பது சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன். பரபரப்பான நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, உடலை எதற்கும் தயாராக வைப்பது அதன் வேலை. ஊசி குத்தாமலே அதை அளக்கலாம். ஒரு பஞ்சுச் சுருளைச் சற்று நேரம் வாயில் வைத்து உமிழ்நீரை எடுத்தால் போதும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தூங்கி எழுந்து அரை மணி நேரத்தில் கார்ட்டிசால் உச்சத்துக்குப் போகும். பிறகு நாள் முழுவதும் தானாகவே இறங்கிக்கொண்டு வரும். காலை ஏழு மணிக்கு ஒருமுறையும் ஒன்பது மணிக்கு ஒருமுறையும் அளந்தால், நீங்கள் காட்டில் இருந்தாலும் கோயம்பேடு பேருந்து நிலையத்தில் இருந்தாலும் இரண்டாவது எண் குறைவாகத்தான் வரும். 'நடைக்கு முன், நடைக்குப் பின்' என்று இரண்டு எண்களைப் போட்டு விளம்பரம் செய்கிறவர்களிடம், அதே நேரத்தில் வேறிடத்தில் இருந்தவருக்கு எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். ஜப்பானிய ஆய்வில் நகரக் குழுவையும் வைத்து, ஆட்களை மாற்றி மாற்றி அனுப்பியது இதற்காகத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2019இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அதுவரை வந்த கார்ட்டிசால் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். காட்டுக்குப் போனவர்களுக்குக் குறைந்தது உண்மை. ஆனால் காட்டுக்குள் கால் வைக்கும் முன்பே அவர்களுக்குக் கார்ட்டிசால் குறைந்திருந்தது! நல்ல இடத்துக்குப் போகப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது போலும். சுற்றுலாவுக்கு முந்தைய இரவு குழந்தைகள் தூங்காமல் குதிப்பதைப் பார்த்தவர்களுக்கு, எதிர்பார்ப்புக்கு உடலை மாற்றும் சக்தி உண்டு என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களிடம் அது நேர்மாறாக, அமைதியாக வேலை செய்கிறது.

மனிதரிடம் காட்டின் பலனை அளக்க இன்னொரு நல்ல வழி, இதயத் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி. ஆரோக்கியமான இதயம் கடிகாரம்போல் ஒரே சீராக அடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று விரைந்து, விடும்போது சற்றுத் தயங்கும். இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால், வேகஸ் என்னும் நரம்பு வழியாக இயங்கும் ஓய்வு நரம்பு மண்டலம் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். செரிமானத்தைத் தூண்டுவதும் இதே மண்டலம்தான். நடைக்குப் பிறகு பசி எடுப்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம். அதே ஜப்பானிய ஆய்வில் காட்டில் இருந்தவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகக் கூடியது. கார்ட்டிசாலைவிட எனக்கு இதன்மீதுதான் நம்பிக்கை அதிகம்.

ஆனால் அந்த 280 பேரும் இருபதுகளில் இருந்த ஆண்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் அறுபது வயதுப் பெண்மணிக்கு அதே எண்களை எடுத்துப் பூசுவது நியாயம் ஆகாது.

அடுத்தது நோய் எதிர்ப்பு. விளம்பரங்கள் அதிகம் தாவி ஓடும் இடம் இதுதான். தோக்கியோவின் நிப்பான் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சிங் லீ, 2005இல் 12 அலுவலக ஊழியர்களை இயாமா என்ற ஊரின் காட்டுக்கு மூன்று நாள் அழைத்துச் சென்றார். எல்லோரும் 37 முதல் 55 வயது ஆண்கள். இரத்தத்தில் 'இயற்கைக் கொல்லி' எனப்படும் வெள்ளணுக்களின் செயல்பாடு ஏறக்குறைய 50 விழுக்காடு கூடியது. நச்சுயிரி தாக்கிய செல்களையும் புற்றுச் செல்களையும் கண்டுபிடித்து அழிப்பவை இந்த அணுக்கள். அதே மாதிரி நகரச் சுற்றுலாவுக்கு அழைத்துப்போனபோது இந்தக் கூடுதல் தெரியவில்லை. பின்னர் 13 செவிலியர்களிடம் செய்த சோதனையிலும் கூடியது. சிலரிடம் ஒரு மாதம் கழித்தும் அதன் தடயம் இருந்தது.

காரணம் என்ன? மரங்கள் காற்றில் விடும் வாசனைப் பொருட்கள் என்கிறார் லீ. ரஷ்ய உயிரியலாளர் போரிஸ் டோக்கின் 1928இலேயே இவற்றுக்கு 'ஃபைட்டான்சைடு' என்று பெயர் சூட்டியிருந்தார். பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. நமக்காகச் செய்தது அல்ல. இந்தக் கருத்தைச் சோதிக்க லீ ஒரு வேலை செய்தார். 12 ஆண்களைக் காட்டுக்கே அனுப்பாமல், நகர விடுதி அறையில் மூன்று இரவு தங்கவைத்து, ஹினோகி எண்ணெயின் ஆவியை அறைக்குள் பரப்பினார். அணுக்களின் செயல்பாடு கூடியது. சிறுநீரில் அட்ரீனலின் குறைந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 12, 12, 13 என்ற எண்ணிக்கையைக் கவனியுங்கள். அவற்றை வைத்து மருந்தொன்றைக் கடைக்குக் கொண்டுவர எந்த நாடும் அனுமதிக்காது. மூன்று நாள் அலுவலகக் கவலை இல்லாமல், நேரத்துக்குத் தூங்கி, பகலில் நடந்தவரின் உடலில் மன அழுத்த ஹார்மோன்கள் குறையும். அவை குறைந்தாலே இந்த அணுக்கள் சுறுசுறுப்பாகும். எது வாசனையின் வேலை, எது விடுமுறையின் வேலை என்று பிரிப்பது கடினம். எல்லாவற்றையும்விட முக்கியம்: அணுக்களின் செயல்பாடு கூடியது என்பதற்கும் ஒருவருக்கு நோய் வராது என்பதற்கும் இடையே நெடுந்தூரம். வனக் குளியல் புற்றுநோயைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

சரி, நம் ஊர் மரங்களுக்கு வாசனை இல்லையா? உண்டு, வேறு வகை. கிண்டி தேசியப் பூங்காவுக்குள் போனால் கறிவேப்பிலைக் குடும்பத்துப் புதர்கள் நெருங்கி நிற்கும். காட்டு எலுமிச்சையின் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. 2.7 சதுர கிலோமீட்டர் மட்டுமே கொண்ட அந்தப் பூங்கா, சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் உயராத, சிறிய தடித்த இலைகளைக் கொண்ட அடர்காடு இது. விழுப்புரம், கடலூர், புதுக்கோட்டைப் பக்கம் கோயில் காடுகளாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. நொச்சித் தழையைப் புகைபோட்டுக் கொசுவை விரட்டும் நம் கிராமத்துப் பழக்கமும் இதே தாவர வேதியியலை நம்பியதுதான். இந்த வாசனைகளை வைத்து இங்கே லீ செய்தது போன்ற ஆய்வு நடந்தால் பயனுள்ளதாக இருக்கும்.

ஆனால் வெப்பமண்டலத்தில் இந்தக் கதைக்கு மறுபக்கம் உண்டு. வெயில் ஏற ஏற மரங்கள் இந்த ஆவிகளை அதிகமாக வெளிவிடும். வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு அவை வெயிலில் சேர்ந்தால் தரைமட்ட ஓசோன் உருவாகும். நுரையீரலுக்கு அது நல்லதல்ல. மரம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். புகை வேண்டாம் என்பதுதான். நடைக்குக் காலை வேளை சிறந்தது என்பதும் இதில் அடங்கும்; பிற்பகலில்தான் ஓசோன் உச்சத்தைத் தொடும்.

வாசனையைவிட எனக்கு உறுதியாகத் தெரிவது கவனத்தைப் பற்றிய ஆய்வுகள்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்லான், ஸ்டீஃபன் கப்லான் தம்பதியர் 1989இல் விரிவாக எழுதிய கருத்து இது. கணக்குப் பார்ப்பது, நெரிசலில் வண்டி ஓட்டுவது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது ஆகியவற்றில் நாம் கவனத்தை வலிந்து பிடித்து வைக்கிறோம், அது தேய்ந்துபோகும். இலை அசைவதையும் நீரில் அலை விரிவதையும் பார்க்கும்போது கவனம் தானாகச் செல்கிறது. வலிந்து பிடிக்கும் பகுதிக்கு ஓய்வு கிடைக்கிறது. 2008இல் இதைச் சோதித்தார்கள். ஆன் ஆர்பர் நகரில் ஒரே ஆட்களை ஒரு நாள் மரத்தோட்டத்திலும் இன்னொரு நாள் நெரிசலான தெருவிலும் சுமார் 50 நிமிடம் நடக்கவைத்து, எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். மரத்தோட்டத்தில் நடந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். இதில் அழகான பகுதி, ஜனவரிக் குளிரில் நடந்தவர்களின் முடிவு. அந்த நடையை அவர்கள் துளியும் ரசிக்கவில்லை. ஆனாலும் பலன் கோடையில் நடந்தவர்களுக்குக் கிடைத்த அளவே கிடைத்தது. மனம் மகிழ்ந்தால்தான் பலன் என்பது இல்லை. நம்மூரில் கொசுக்கடிக்கு நடுவே நடப்பவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

இனித் திருவேற்காட்டுக்கு வருவோம். நம் சூழலுக்கு மிக நெருக்கமான சோதனை ஜப்பானில் அல்ல, இலண்டனில் நடந்தது. 60 வயது தாண்டிய 119 பேர். சிலர் ஆரோக்கியமானவர்கள், சிலருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய், சிலருக்கு இதய நோய். ஒரு நாள் டீசல் பேருந்துகள் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இரண்டு மணி நேரம், இன்னொரு நாள் அருகிலேயே உள்ள ஹைடு பூங்காவில் இரண்டு மணி நேரம் நடந்தார்கள். பூங்காவில் நடந்தபோது நுரையீரலின் திறனும் இரத்தக் குழாய்களின் நெகிழ்வும் மேம்பட்டு, மறுநாள்வரை அந்த நன்மை நீடித்தது. தெருவில் நடந்தபோது அதில் பெரும்பகுதி காணாமல் போனது. லான்செட் இதழில் வெளியான இந்த ஆய்வின் பாடம் எளிது: பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நடைபாதையில் காலை நடை போவதும் ஏரிக்கரையில் போவதும் ஒன்றல்ல. மரம் எத்தனை என்பதற்கு முன்னால், வண்டிகள் எவ்வளவு தொலைவில் ஓடுகின்றன என்று பாருங்கள்.

ஒலியும் அப்படித்தான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன நம் நாட்டின் ஒலி மாசு விதிகள். ஆடி மாதம் திருவேற்காடு தேவி கருமாரியம்மன் கோயிலைச் சுற்றி இந்த எண்ணைத் தேடுவதில் பயனில்லை. அந்தச் சமயத்தில் அங்கே வனக் குளியல் திட்டமிடுகிறவர் வேறு ஊரைப் பார்க்கட்டும். வேதபுரீஸ்வரர் கோயில் வட்டாரம், கூட்டமில்லாத வார நாள் காலைகளில், எவ்வளவோ மேல். மார்கழி, தை என்றால் வெயிலும் துணை நிற்கும்.

நடக்க எங்கே போவது? ஊரிலேயே கோலடி ஏரி இருக்கிறது. ஆக்கிரமிப்பில் சுருங்கிய ஏரி என்றாலும் தண்ணீர் நிற்கும் நாட்களில் பறவை வரும். அம்பத்தூர்ப் பக்கம் அயனம்பாக்கம் ஏரி. ஆவடிச் சாலையில் பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா. 2019இல் திறக்கப்பட்டது, சுற்றிவர நடைபாதை உண்டு, கூழைக்கடாக்களைப் பார்க்கலாம். அடையாற்றின் முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் மீட்டெடுத்த தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறந்தது. குப்பை கொட்டிய நிலத்தை இந்தக் கரையோரத்துக்கே உரிய மரங்களால் மறுபடி காடாக்கலாம் என்பதற்கு அது உயிருள்ள சான்று. நாட்டளவில் சொல்வதானால், உத்தராகண்ட் வனத்துறை 2021இல் ராணிக்கேத் அருகே கலிகாவில் பைன் காட்டுக்குள் ஒரு வன நலமையத்தையே திறந்திருக்கிறது. நமக்குப் பைன் கிடையாது, கவலையில்லை.

சென்னையில் சில ஆண்டுகளாக மாநகராட்சி வளர்க்கும் மியாவாக்கி காடுகளைச் சொல்லவில்லையே என்று கேட்கலாம். அகிரா மியாவாக்கி என்ற ஜப்பானியத் தாவரவியலாளரின் முறைப்படி, சிறிய இடத்தில் நெருக்கமாக நடுவது அது. தூசியை வடிகட்டவும் பறவைக்கும் நல்லது. ஆனால் ஆள் நுழைய முடியாத அடர்த்தி. வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே குளிக்க முடியாது.

வேகத்தைப் பற்றி ஒன்று. நம் பூங்காக்களில் காலை நடை என்பது இன்று கைக்கடிகாரம் காட்டும் எண்ணைத் துரத்துவதாகிவிட்டது. பத்தாயிரம் அடி என்ற அந்த இலக்கும் ஜப்பானிலிருந்து வந்ததே. 1965இல் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க உருவாக்கிய எண் அது, மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னதல்ல. வேக நடையால் இதயத்துக்கு நன்மை உண்டு, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் வனக் குளியலின் வேகம் வேறு. அதற்கு வெளிநாட்டு மாதிரி தேவையில்லை. குதிகாலும் விரலும் ஒட்ட அடிமேல் அடி வைத்துப் பிரகாரத்தைச் சுற்றும் அடிப்பிரதட்சணத்தைப் பாருங்கள், அதே வேகம்தான். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அப்படிச் சுற்றுகிறவர்கள் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இங்கே வழிகாட்டியின் உண்மையான பணி நம்மை அவசரப்படாமல் வைத்திருப்பதும் கைப்பேசியை எடுக்கவிடாமல் செய்வதும்தான். அதை ஒரு நண்பரும் செய்யலாம். மரம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வந்தால் அதைவிடச் சிறப்பு.

இனித் தேநீர். 1949இல் ஜப்பானிய வேதியியலாளர் யாஜிரோ சகாத்தோ, கியோகுரோ என்ற உயர்ரகத் தேயிலையில் தியானின் என்ற அமினோ அமிலத்தைக் கண்டறிந்தார். கஃபீனின் படபடப்பைத் தணித்து விழிப்பை மட்டும் தருவதாக அதற்குப் பெயர். இதைச் சோதிக்கும் ஆய்வுகளில் பெரும்பாலும் 200 மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். ஒரு கோப்பைக் கறுப்புத் தேநீரில் கிடைப்பது 20, 25 மில்லிகிராம்தான். எனவே வனக் குளியல் தேநீர் மனத்தை அமைதிப்படுத்துவதற்குத் தியானினைக் காரணம் காட்டுவது மிகை. இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தவர்கள் சூடான குவளையோடு உட்கார்ந்து பேச ஆரம்பிக்கும் இன்பம் ஒன்றே போதுமான விளக்கம். சுக்குமல்லிக் காப்பி என்றாலும், ஆவாரம்பூ போட்ட கொதிநீர் என்றாலும் அந்தப் பலன் குறையாது. அவற்றில் கஃபீன் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அமெரிக்கப் பாணியைப் பின்பற்றாதீர்கள். வழியில் பறித்த தழையில் தேநீர் போடுவது இங்கே ஆகாது. கூவம் கரையிலும் ஏரிக்கரையிலும் வளர்வது எந்த நீரைக் குடித்து வளர்ந்தது என்பது நமக்குத் தெரியும். தெரியாத செடி என்றால் ஆபத்து வேறு. அரளி எல்லா இடத்திலும் பூத்துக் கிடக்கிறது, அதன் எல்லாப் பாகமும் விஷம். ஆவாரம்பூவை நம்பிக்கையான நாட்டுமருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர்ச் சாப்பாடு என்றால் கருமாரியம்மன் ஊரான திருவேற்காட்டுக்குக் கூழைவிடப் பொருத்தமானது எது? கேழ்வரகு மாவைக் கரைத்து ஓரிரவு புளிக்கவைத்து, நொய்யோடு கிளறிக் களியாக்கி, மறுநாள் மோர் ஊற்றிக் கரைப்பது. புளிக்கும்போது லாக்டிக் அமிலப் பாக்டீரியா, தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட்டை ஓரளவு உடைக்கிறது. ஃபைட்டேட் இரும்பையும் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். அது குறைந்தால் அவை உடலில் சேரும். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் உண்டு. அரிசியில் அதன் மிகச் சிறு பங்குதான். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், முருங்கைக்கீரைப் பொரியல். கருவாடு பிடிப்பவர்களுக்குக் கருவாடு.

கூழோடு தேநீரைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். தேநீரின் துவர்ப்புப் பொருட்கள் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கின்றன. இது சிறு விஷயமல்ல. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நடை முடிந்ததும் கூழ், அதோடு நெல்லிக்காயோ எலுமிச்சை பிழிந்த சுண்டலோ. அவற்றின் வைட்டமின் சி இரும்பு சேரத் துணைபுரியும். தேநீர் ஒரு மணி நேரம் கழித்து. இவ்வளவு எளிய மாற்றத்தை வனக் குளியல் நடத்துகிறவர்கள் ஏன் செய்வதில்லை என்பது புரியவில்லை.

ஆஸ்துமா உள்ளவர்கள் ஏரிக்கரையில் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் பூத்திருக்கும் பருவத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டின் மகரந்தமும் ஒவ்வாமையைத் தூண்டும். புதர் ஓரத்தில் உட்காரும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பது பழைய புத்தி, நல்ல புத்தி. மனச்சோர்வுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு நடைக்கு வரக் கூடாது. கிடைக்கும் சான்றுகள், சில மணி நேரத்துக்கு மன அழுத்தம் தணிகிறது, கவனம் தெளிகிறது என்று மட்டுமே உறுதியாகச் சொல்கின்றன. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 ஆயிரம் பேரிடம் கேட்டு 2019இல் வெளியிட்ட கணக்கில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடத்தில் கழித்தவர்கள், தாங்கள் நலமாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம். ஒரே நாளில் கழித்தாலும் பல நாளில் பிரித்துக்கொண்டாலும் வேறுபாடு இல்லை. நலமாக இருப்பவர்கள்தான் பூங்காவுக்கு அதிகம் போகிறார்களா என்ற கேள்வி அதில் மிச்சம் இருக்கிறது.

வாரம் 120 நிமிடம், திருவேற்காட்டுக்காரருக்கு எட்டாத கணக்கு அல்ல. அதற்கு வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பதைவிட ஏரிக்கரையைக் காப்பது அவசியம். கோலடியிலும் அயனம்பாக்கத்திலும் கரையை அடுத்து வண்டிகள் போகாத ஒரு மண்பாதை, ஓரமாக வெள்வேல், வேம்பு, நாவல், மகிழம், பூவரசு, நடுநடுவே உட்காரக் கல்மேடை; நகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் இது பெரிய செலவல்ல. உங்கள் வார்டு உறுப்பினர் அடுத்த முறை தெருவுக்கு வரும்போது, சாலையையும் கால்வாயையும் கேட்டுவிட்டு, இதையும் கேளுங்கள்.